மழை பெய்தால் கௌபாய்க்கு லீவு

1

என் பெயர் ஜெபராஜ். சொந்த ஊர் குலசேகரம். ஐம்பத்து மூன்று வயது, மீசை உண்டு, மீசைக்குக் கீழே கணிசமான தொப்பையும் உண்டு. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற ஒரு சிற்றூரில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். பகலில் ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்களிடம் இன்னொரு சான்றிதழ் கொண்டுவரச் சொல்வது என் வேலை. இளைஞனாக இருந்தபோது நாகர்கோவிலில் எத்தனை அலுவலகங்களில் என்னை அப்படித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதையெல்லாம் இந்த வெள்ளைக்காரர்களிடம் வட்டியோடு தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மிச்ச நேரத்தில் நான் ரோஸ்லின் கூல்சன் என்ற அம்மாள். பழைய அமெரிக்க மேற்கில் நடக்கும் சரித்திரக் காதல் நாவல்களை எழுதுகிறவள். ரோஸ்லின் என்பது என் மனைவியின் பெயர். கூல்சன் என்பது குலசேகரத்தை இங்குள்ளவர்களின் வாய்க்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கியது. ‘கணவரை இழந்த ரோஸ்லின் கூல்சன், மலையடிவாரத்தில் இரண்டு நாய்களுடன் வாழ்கிறார்’ என்று பின்னட்டையில் போட்டிருக்கும். இழக்கப்பட்ட அந்தக் கணவன் நான்தான். விதவை எழுதிய காதல் கதைக்கு மவுசு அதிகம் என்று பதிப்பகத்தில் சொன்னார்கள், நானும் செத்துக் கொடுத்தேன். நாய் விஷயத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. எங்களிடம் ஒரு நாய் இருந்தது.

இந்த வகைக் கதை உங்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய மாட்டுப் பண்ணை. அங்கே ஒரு விதவையோ, கிழக்கிலிருந்து ரயிலில் வந்திறங்கிய பள்ளி ஆசிரியையோ இருப்பாள். அதிகம் பேசாத ஒருவன் குதிரையில் வருவான். முந்நூறு பக்கம் இருவரும் சண்டை போடுவார்கள், கடைசியில் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணம். இப்படிப் பதினொன்று எழுதிவிட்டேன்.

பன்னிரண்டாவதை அனுப்பிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்த வேளையில்தான் எட்னா என்ற அம்மாளின் கடிதம் பதிப்பகம் வழியாக வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர், நெப்ராஸ்காக்காரர்.

‘அன்புள்ள திருமதி கூல்சன், உங்கள் பதினோரு நாவல்களையும் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மழை பெய்தவுடன் கதாநாயகன் வேலையை விட்டுவிட்டுக் கதாநாயகியின் சமையலறை வாசலுக்கு வந்துவிடுகிறான். வந்து சாணைக்கல் இரவல் கேட்கிறான். என் கணவர் ஆயுள் முழுக்க மாடு பார்த்தவர். மழைக்காக ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை. மழையில்தான் மாடு மிரளும், ஓடும், சேற்றில் மாட்டும். ஆகவே நீங்கள் மாட்டுப் பண்ணையைக் கண்ணால் கண்டதில்லை, அல்லது உங்கள் காலஞ்சென்ற கணவர் பெரிய சோம்பேறி. இரண்டில் எது என்று அறிய ஆவல். மற்றபடி கதைகள் நன்றாக இருக்கின்றன.’

காலஞ்சென்ற கணவன் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்தது.

2

இந்தப் பிழைப்பு எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். ரோஸ்லினுக்கு இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். என்னிடம் இருந்தது எம்.ஏ. வரலாறு. வயோமிங்கில் சோழர் கால நீர்ப்பாசனம் தெரிந்த ஆளுக்கு அவசரத் தேவை எதுவும் இருக்கவில்லை. மறுவருடம் மகள் ஷைனி பிறந்தாள். மூன்று வருடம் வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தேன்.

அந்தக் குளிரில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்வரச் சூடான இடம் பொது நூலகம் ஒன்றுதான். உறுப்பினராக வேண்டுமானால் என் பேரில் மின்சார ரசீது வேண்டும் என்றார்கள். ரசீது ரோஸ்லின் பேரில் இருந்தது. அவளுக்கும் எனக்கும் கல்யாணம் ஆனதற்குக் குலசேகரம் கோயிலில் கொடுத்த சான்றிதழைக் காட்டினேன். அந்த அட்டையில் மாதாவும் குழந்தை இயேசுவும் இருந்தார்கள். அரசாங்க முத்திரை இல்லையே என்றாள் நூலகப் பெண். மாதாவைவிடப் பெரிய முத்திரையா என்று கேட்டேன். உறுப்பினர் அட்டை இல்லாமலே எடுத்துப்போகச் சுழலும் தட்டு ஒன்றைக் காட்டினாள். அதில் இருந்ததெல்லாம் வெஸ்டர்ன் காதல் நாவல்கள்.

நான் பேசும் இங்கிலீஷ் அந்தத் தட்டிலிருந்து வந்தது. இறைச்சிக் கடையில் அரைக்கிலோ மாட்டிறைச்சி வாங்கிவிட்டு, ‘அம்மணி, தங்கள் கருணைக்கு அடியேன் என்றும் கடன்பட்டவன்’ என்ற பாணியில் நன்றி சொல்வேன். தொப்பி இல்லாவிட்டாலும் தொப்பியைத் தொடுவதுபோல நெற்றியைத் தொடுவேன். இந்தியர்கள் எல்லாரும் இப்படித்தான் மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு இங்கே வந்த ஒரு ஹைதராபாத் டாக்டர் சாதாரணமாக ‘தேங்க்ஸ்’ சொன்னதற்கு, ஆள் கொஞ்சம் கர்வி என்றார்களாம்.

இருநூறு நாவல் படித்த பிறகு, இதை நாமே எழுதலாமே என்று தோன்றியது. முதல் நாவல் அச்சாகி வரும்வரை ரோஸ்லினிடம் மூச்சு விடவில்லை. பார்சலைப் பிரித்தவள் அவள்தான். அட்டையில் சட்டை போடாத ஒருவன் ஒரு பெண்ணை வளைத்துப் பிடித்திருந்தான், கீழே இவள் பெயர் தங்க எழுத்தில் இருந்தது.

“எனக்க பேரை எடுத்து என்ன செய்யப்போறியன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?”

“உன் மேல உள்ள பிரியத்தில வெச்சதுட்டி.”

“பிரியம் இருந்தா அந்தப் பயலுக்கு ஒரு சட்டை போட்டு விட்டிருப்பிய.”

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். அவள் இந்த நாவல்களைக் கையால்கூடத் தொடுவதில்லை என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

ஒரே ஒரு முறை அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டேன். குடியுரிமை விண்ணப்பத்தில், இதற்கு முன் பயன்படுத்திய வேறு பெயர்கள் உண்டா என்று ஒரு கேள்வி. பொய் சொன்னால் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் உண்மையை எழுதினேன். நேர்காணலில் அந்த அதிகாரி அம்மாள் படிவத்தையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுதும்போது மட்டும்தான் மேடம்” என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, நான்காவது நாவலில் அந்தத் தந்தி ஆபீஸ்காரனை ஏன் கொன்றாய் என்று கேட்டார்.

3

என் எடிட்டர் மார்கரெட், நியூயார்க்கில் இருக்கிறார். மாட்டைத் தட்டில் மட்டுமே பார்த்தவர். ஆனால் எந்தத் தகவலுக்கும் ஆதாரம் கேட்பார். எம்.ஏ. வரலாறு அங்கேதான் கைகொடுத்தது. துப்பாக்கி, ரயில் அட்டவணை, பாவாடைக்கு எத்தனை மடிப்பு என்று எதைக் கேட்டாலும் புத்தகமும் பக்கமும் சொல்லிவிடுவேன்.

அதையும் மீறி ஊர் உள்ளே புகுந்துவிடும். ஒரு நாவலில் பண்ணைக்காரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தாள், மார்கரெட் பிடித்துவிட்டார். இன்னொன்றில் கௌபாய் கருப்பட்டிக் காப்பி குடித்தான், அதையும் பிடித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்பவர் உண்டா என்று ஊரைக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டார். அழகான வழக்கமாக இருக்கிறது என்றார்.

எட்னாவின் கடிதம் அவர் கண்ணிலும் பட்டிருந்தது. பன்னிரண்டாவது கையெழுத்துப்படியில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் சிவப்புக் கோடு. ‘மழைக் காட்சிக்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். மாடுகள் மழைக்கு விடுமுறை தருவதில்லை. ஆறு வாரத்தில் சரிசெய்து தராவிட்டால் இந்தப் புத்தகத்தை அடுத்த வருடப் பட்டியலில் சேர்க்க முடியாது.’

இதுதான் எனக்கு வந்த சோதனை. மற்ற எல்லாக் காட்சிகளும் நூலகத்தில் பொறுக்கியவை. மழைக் காட்சி ஒன்றுதான் என்னுடையது. பதினோரு நாவலிலும் வாசகிகள் எழுதிய பாராட்டெல்லாம் அந்த அத்தியாயத்துக்குத்தான் வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது குதிரையும் தொப்பியும்தான். அதற்கு அப்புறம் ஒரு வரி எழுத வராது என்று உறுதியாகத் தெரிந்தது.

ஷைனி டென்வரில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு போன் செய்தேன். “அப்பா, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா” என்று தமிழில் இரண்டு கேள்வி கேட்டாள். அவள் தமிழ் அதோடு முடிந்தது. மீதியை இங்கிலீஷில் பேசினோம். பத்து வயதில் என் மடியில் உட்கார்ந்து, கௌபாய்களின் குதிரைகளுக்குப் பெயர் வைத்துத் தந்த பிள்ளை அவள். இப்போது எல்லா விஷயத்துக்கும் இரண்டு நிமிடத்தில் தீர்வு சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.

“உங்கள் கௌபாய்கள் மழையில் ஏன் வேலை செய்வதில்லை என்று எனக்கும் தோன்றியிருக்கிறது” என்றாள்.

“பின்னே ஏன் சொல்லவில்லை?”

“அவர்கள் எல்லாரும் உங்களைப் போலவே இருந்தார்கள். லீவு எடுக்கத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.”

4

மழைக்கு ஏன் லீவு என்று குலசேகரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். பட்டையில் சரிவாகக் கத்தியைப் போட்டால் பால் வடிந்து, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் விழும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் தாறுமாறாக ஒழுகும், சிரட்டையில் தண்ணீர் நிறையும். அன்றைக்கு வெட்டு இல்லை. கல்லூரிக்குப் போகிற காலத்தில் நானும் காலையில் ஐம்பது அறுபது மரம் வெட்டிவிட்டுத்தான் பஸ் பிடிப்பேன். ஆகவே ‘வேலை’ என்று எழுத உட்கார்ந்தால், என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மாட்டுப் பண்ணையில் மழை பெய்தபோது என் கௌபாய் கத்தியை வைத்துவிட்டு வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவன் குதிரையில் ஏறிய ரப்பர் வெட்டுக்காரன்.

ரோஸ்லினின் அப்பாவும் நான் வெட்டிய தோட்டத்திலேயே வெட்டினார். அவள் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், லீவுக்கு வருவாள். மழை நாளில் வெட்டுக்காரர்கள் கத்தி தீட்டுவார்கள். அவர் வீட்டில் நல்ல சாணைக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் அதைவிட நல்ல கல் இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தலையில் ஒரு வாழையிலையைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பேன். அவர் கல்லை எடுத்துத் தந்துவிட்டு உள்ளே படுக்கப் போய்விடுவார். நான் சமையலறை வாசலில் குந்தி, ஏற்கெனவே கூர்மையாக இருக்கிற கத்தியை இன்னும் தீட்டுவேன். ரோஸ்லின் ஒரு தட்டில், நாங்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்ததும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும், ஒரு தம்ளரில் பால் சேர்க்காத கட்டன் சாயாவும் கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள்.

“நீயும் இரியேன்” என்பேன்.

“நீங்க தின்னுங்க” என்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த முகத் திருப்பலை நான் பதினோரு முறை எழுதிவிட்டேன். ‘அவன் முன்னால் உண்ண அவளுக்கு வெட்கமாக இருந்தது’ என்று சின்னச் சின்ன மாற்றங்களோடு எல்லா நாவலிலும் வரும். ஆறாவது நாவலில் அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அந்தப் பக்கத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதாக அயோவாவிலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார்.

5

எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழா அந்த ஆறு வாரத்துக்குள் வந்தது. ஊருக்குப் போய்ப் பூசை வைத்துவிட்டு வருவது என்று ரோஸ்லின் முன்பே முடிவு செய்திருந்தாள். எனக்கும் சௌகரியம். மழைக்காலம், நேரடி ஆதாரம். அண்ணனுடைய ரப்பர் தோட்டத்தில் மழை நாளில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பதை நாலு போட்டோ எடுத்து மார்கரெட்டுக்கு அனுப்பிவிடலாம். மாடு இல்லை என்பதற்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூசை நல்லபடியாக நடந்தது. நான் அமெரிக்காவில் ‘சரித்திரப் புத்தகங்கள்’ எழுதுவதாக அண்ணன் யாரிடமோ சொல்லிவைத்திருந்தான். பிரசங்கத்தில் ஃபாதர் அதைக் குறிப்பிட்டு, கோயில் நூலகத்துக்கு ஒரு பிரதி தந்தால் வாலிபர்களுக்குப் பயன்படும் என்றார். பக்கத்தில் பட்டுப்புடவையில் முழந்தாளிட்டிருந்த ரோஸ்லின் இருமத் தொடங்கினாள். அந்த இருமல் நற்கருணை அப்பம் வாங்கும்வரை நிற்கவில்லை.

மறுநாள் காலை நல்ல மழை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், அண்ணன் தொப்பியும் ரப்பர் செருப்புமாகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“மழையில எங்க போற அண்ணா? வெட்டு உண்டா?”

“மழைக்கு இப்ப ஆருலே மக்கா லீவு தாறது? மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கெட்டியாச்சு. வெட்டின எடத்தில ஒரு சொட்டு விழாது.”

“இப்படிக் கொட்டும்போதுமா வெட்டுவிய?”

“கொஞ்சம் விட்டதும் வெட்டுவோம். நீ போனை வெச்சுக்கிட்டு என்னத்துக்கு நிக்க? பாவாடையைப் படம் பிடிக்கணுமா?”

தோட்டம் முழுக்க மரங்கள் பாவாடை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். என் ஆதாரம் வயோமிங்கில்தான் செல்லவில்லை என்றால், குலசேகரத்திலும் செல்லாமல் போய்விட்டது.

6

மதியம் மழை வலுத்தது. அண்ணி கிழங்கு அவித்து, நெத்திலிக் கறியோடு மேசையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் ரோஸ்லினும் மட்டும் இருந்தோம். ரோஸ்லின் இரண்டாவது முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் தட்டைத் தொடாமல் புலம்பினேன்.

“மார்கரெட் அந்த அத்தியாயத்தையே எடுத்துப்போடச் சொல்லுகா.”

“எடுத்துப் போடுங்க.”

“அது எப்படிட்டி? அது ஒண்ணுதான் உண்மை. நீயும் நானும் உள்ள எடம்.”

“நான் எங்க அதில இருக்கேன்? நீங்க மட்டும்தான் இருக்கிய.” முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். “அவ தின்னாளா?”

“எவ?”

“ஒங்க கதையில உள்ளவ. பதினோரு புஸ்தகத்தில பதினோரு பேரு. மழை பெய்யுது, அவன் வாறான், இவ விளம்புகா, அவன் தின்னுகான். இவ தின்னாளான்னு ஒருத்தனாவது கேட்டானா?”

நான் கேட்ட முதல் கேள்வி முட்டாள்தனமானது. “நீ வாசிச்சிருக்கியா?”

“எனக்க பேரில உள்ள புஸ்தகம். நான் வாசிக்காம பின்ன ஆரு வாசிப்பா? பதினொண்ணையும் வாசிச்சாச்சு. ஆஸ்பத்திரியில பிரேக்குக்கு வேற என்ன வேலை?”

“அவளுக்கு வெட்கம், அதனால தின்னல்லன்னு எழுதியிருக்கேனே.”

ரோஸ்லின் சிரித்தாள். கோபமாகச் சிரித்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சிரித்தாள்.

“வெக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மழைன்னா அப்பாவுக்கு வெட்டு கெடையாது, அன்னைக்குக் கூலியும் கெடையாது. அம்மை வீட்டுக்குப் பொறத்த நிக்கிற மரச்சீனியில ஒரு செடியை மூட்டோட பிடுங்கி அவிப்பா. வீட்டில ஆறு பேரு, ஒரு மூடு கெழங்கு. நீங்க கல்லு கேட்டுக்கிட்டு வந்து குந்தியிருப்பிய. வந்த ஆளுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? அம்மை எனக்க முகத்தைப் பாப்பா. நான் எனக்க பங்கைக் கொண்டுவந்து வெப்பேன்.”

“முகத்தைத் திருப்பினியே?”

“பசிக்கும்போ மத்தவன் தின்னுகதை ஆரு பாத்துக்கிட்டு நிப்பா?”

எனக்கு அவமானமாக இருந்தது. இதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. ஒரு பெண்ணின் பசியைப் பதினோரு முறை வெட்கம் என்று எழுதி விற்றிருக்கிறேன். அதுவும் அவளுடைய பெயரைப் போட்டு. மழையைப் பற்றி எட்னாவுக்கு இருந்த சந்தேகத்தில் பாதியாவது எனக்கு அந்தக் கதவோரத்தைப் பற்றி வந்திருக்க வேண்டும்.

“நீ ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க வராம இருந்திருப்பிய. அது எனக்கு வேண்டாம்.”

“பின்ன இத்தனை வருஷம் கழிச்சு?”

“இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். பன்னெண்டாவது ஆளும் அவ கெழங்கைத் தின்னப் போறான்னு தெரிஞ்சதும் எனக்குப் பொறுக்கல்ல.”

தட்டில் ஆறிப்போயிருந்த என் கிழங்கைப் பார்த்தேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அப்படி ஒரு ஆளை என்னத்துக்குக் கெட்டின?”

“அவ்வளவு கெழங்கையும் தின்னுபோட்டு வேற எவளையாவது கெட்டிக்கிட்டுப் போயிட்டா எனக்கு நஷ்டம் இல்லியா?” என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

7

திரும்பி வந்ததும் ஒன்பதாம் அத்தியாயத்தை முழுவதும் கிழித்துப்போட்டு எழுதினேன். இப்போது மழை பெய்கிறது. கௌபாய் லீவு எடுக்கவில்லை. சேற்றில் மாட்டிய கன்றுகளை நாள் முழுக்க இழுத்துப் போடுகிறான். பண்ணைக்காரி மறுபக்கம் வேலி கட்டுகிறாள். சாயங்காலம் அவன் சொட்டச் சொட்ட வந்து சமையலறை வாசலில் நிற்கிறான். சாணைக்கல் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறான். சாப்பிட்டாகிவிட்டது, சட்டியில் ஒன்றும் மிச்சமில்லை என்கிறாள் அவள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மார்கரெட்டுக்கு அனுப்பினேன். எட்னாவுக்கும் ஒரு பிரதியை வைத்து, உண்மையை எழுதினேன். ‘அம்மணி, உங்கள் இரண்டு ஊகமும் சரி. நான் மாட்டுப் பண்ணைக்குள் கால் வைத்ததில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர் தோட்டம். என் கணவரும் சோம்பேறிதான். ஆனால் அவர் சாகவில்லை, அவர்தான் இதை எழுதுகிறார்.’

எட்னாவிடமிருந்து உடனே பதில் வந்தது. ‘ஆண்பிள்ளை என்று எனக்கு மூன்றாவது நாவலிலேயே தெரியும். எந்தப் பெண்ணும் சாணைக்கல்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதமாட்டாள். புது அத்தியாயத்தைப் படித்தேன். சாப்பிட்டாயா என்ற அந்தக் கேள்வியை என் கணவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மழையில் வேலை செய்தார் என்று உங்களிடம் பெருமையடித்துக்கொண்டேனே தவிர, இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.’

மார்கரெட் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் இந்த முறை ஒரு சிவப்புக் கோடும் விழாமல் வந்தது. கன்றுகளுக்கு ஆதாரம் கேட்பார் என்று மூன்று புத்தகம் எடுத்து வைத்திருந்தேன், அதெல்லாம் வீணாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை ஷைனி வந்திருந்தாள். டென்வரில் ஒரு வியட்நாம்காரர் கடையில் உறைய வைத்த மரச்சீனி கிடைக்கும், ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். அவித்து மூன்று பேரும் சாப்பிட்டோம். அப்போதுதான் புது அத்தியாயத்தை அச்செடுத்து, ஒரு பென்சிலையும் வைத்து, இந்த நாவல்களின் வாழ்நாளில் முதல் முறையாக ரோஸ்லினிடம் நானே கொடுத்தேன். பெயர் உன்னுடையது, சம்மதமா என்று பார் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வார்டில் சார்ட் வாசிக்கிற முகத்தோடு ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஷைனிக்கு அவசரம் தாங்கவில்லை. “அம்மா, எப்படி இருக்கு?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள்.

“கொள்ளாம்” என்றாள் ரோஸ்லின். எங்கள் ஊரில் அதற்கு ‘நன்றாக இருக்கிறது’ என்று அர்த்தம். பிறகு கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினாள். ‘சட்டி காலி, சரி. கழுவினது யாரு?’

அங்கேயே ஒரு வரி சேர்த்தேன். கௌபாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டியை எடுத்துப்போய்க் கிணற்றடியில் கழுவுகிறான். திங்கட்கிழமை அது நியூயார்க் போனது, செவ்வாய்க்கிழமை மார்கரெட்டின் சிவப்பு மை திரும்பி வந்தது. அந்தக் காலத்துக் கௌபாய் சட்டி கழுவினான் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார்.

‘உண்டு. எழுத்தாளரின் வீட்டு வழக்கம்’ என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அது இன்னும் உண்மையாகவில்லை என்பது உறைத்தது. எழுந்துபோய்த் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினேன். ரோஸ்லின் மேசையிலேயே உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை அவித்த கிழங்கின் மிச்சத்தைச் சூடாக்கி நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.